லாந்தர்ல டீசல் ஊத்துன ராத்திரி

கஜா அடிச்சு மூணாவது நாள் ராத்திரி அது. 2018 நவம்பர் 16 விடியக்காலைல நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுன புயல் எங்க பட்டுக்கோட்டை பக்கம் வந்து கொல்லையில நின்ன தென்னையெல்லாம் சாச்சிட்டுப் போயிருச்சு, கரண்ட் கம்பமெல்லாம் ரோட்டுல படுத்துக் கெடக்கு, போன்ல சார்ஜ் இல்ல, கடையில மெழுகுவத்தி மொத நாளே தீந்துபோச்சு. அத்தை வீட்டுப் பரண்ல இருந்து பழைய லாந்தர எறக்குனாங்க. தொடச்சு கண்ணாடியெல்லாம் மாட்டியாச்சு, மண்ணெண்ணெய்தான் இல்ல. ரேஷன்ல வாங்குனது எப்பவோ தீந்திருச்சு. ஆனா ஆயில் இஞ்சினுக்கு வாங்கி வச்ச டீசல் ஒரு கேன் நெறைய மாட்டுக்கொட்டாயில இருந்துச்சு.

"எல்லாம் ஒரே எண்ணெய்தானே, அவ்ளோ பெரிய இஞ்சின்லயே எரியுது, இந்தத் தம்மாத்தூண்டு திரியில எரியாதா"ன்னு சொல்லிட்டு அத்தை ஊத்திட்டாங்க.

மொதல்ல பத்தவே இல்ல. நாலு தீக்குச்சி போச்சு. அப்புறம் திரி முனை மட்டும் செவப்பா புடிச்சுது, அஞ்சு நிமிஷத்துல கண்ணாடி மேல்பக்கம் கறுப்பா மாறுச்சு, கொஞ்ச நேரத்துல முழுக் கண்ணாடியும் தார் பூசுன மாதிரி ஆயிருச்சு, வெளிச்சம்னு ஒண்ணும் வெளிய வரல, புகைதான் வந்துச்சு. ஜன்னல சாத்தி வச்சிருந்தோம், கொசுவுக்காக. சின்னப் புள்ளைங்க ரெண்டும் இரும ஆரம்பிச்சிருச்சு. காலைல மூக்கு சிந்துனா கறுப்பா வருது. அத்தை வீட்டு உத்தரத்துல அந்தக் கறை இன்னும் இருக்கு, ரெண்டு தடவ சுண்ணாம்பு அடிச்சும் மேல ஊறி வருது.

மறுநாள் அப்பா வந்து பாத்துட்டு திரிய உருவி எங்கிட்ட காட்டுனாரு. முனையில கரி கட்டியா உக்காந்திருந்துச்சு, நகத்தால கீறுனா பொடியா உதிருது. "பாப்பா, இது ஏறுற எண்ணெய் இல்ல, இது வழுக்குற எண்ணெய்"னாரு. அப்பாவுக்கு டீசல் பம்ப் சர்வீஸ் வேலை. லாரி, டிராக்டர், ஆயில் இஞ்சின் எல்லாத்துலயும் டீசல அழுத்தி அனுப்புற பம்ப்பும், அத இஞ்சினுக்குள்ள பீச்சுற நாசிலும் பிரிச்சு சரி பண்ற சின்ன பட்டறை, முப்பது வருஷம் வச்சிருந்தாரு. ஸ்கூல் விட்டு வந்தா நான் உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுனது அங்கதான். அவரு சொன்ன அந்த ஒரு வரிய வச்சுத்தான் இந்தப் போஸ்ட்டே எழுதுறேன், ஏன்னா டீசல், மண்ணெண்ணெய், பாரஃபின் இந்த மூணையும் மாத்தி மாத்தி ஊத்துறவங்கள நான் இன்னிக்கும் பாத்துக்கிட்டே இருக்கேன், அதனால இஞ்சினும் போகுது, ஆளும் போறாங்க.

மூணுமே கச்சா எண்ணெய்ல இருந்து வர்றதுதான், அது உண்மை. கச்சா எண்ணெய சூடு பண்ணி ஆவியாக்கி உயரமான கோபுரத்துக்குள்ள விட்டா, லேசானது மேல போயி குளிரும், கனமானது கீழயே தங்கும். பெட்ரோல் மேல் தட்டுல, அதுக்குக் கீழ மண்ணெண்ணெய், அதுக்கும் கீழ டீசல், அதுக்கும் கீழ மெழுகு, தார் எல்லாம். மண்ணெண்ணெய் சுமாரா 150 டிகிரில இருந்து 300 டிகிரிக்குள்ள ஆவியாகி முடிஞ்சிரும். டீசல் அப்படியில்ல, அதோட கடைசிப் பகுதி ஆவியாக 360 டிகிரி வரைக்கும் போகணும். அந்தக் கடைசிப் பகுதிதான் அத்தையோட திரி முனையில கரியா உக்காந்தது. லேசான பகுதி எரிஞ்சு போச்சு, கனமானது எரிய முடியாம அங்கயே வெந்து கட்டியாயிருச்சு. திரியில எண்ணெய் மேல ஏறணும்னா அது தண்ணியா இருக்கணும், டீசல் மண்ணெண்ணெய விட ரெண்டு மூணு மடங்கு கெட்டி, அதனால ஏறுற வேகமும் பத்தாது. ஏறுறது கம்மி, ஏறுனதும் முழுசா எரியாது. விளக்குக்குன்னு விக்கிற எண்ணெய்க்கு சோதனையே தனி, ஒரு சின்ன விளக்குல ஊத்தி சுடர மெதுவா உசத்திக்கிட்டே போவாங்க, எந்த உயரத்துல புகைய ஆரம்பிக்குதுன்னு மில்லிமீட்டர்ல அளப்பாங்க, உயரம் எவ்ளோ கூட வருதோ அவ்ளோ நல்ல மண்ணெண்ணெய். டீசலுக்கு யாரும் அந்தச் சோதனை பண்றதில்ல, அது விளக்குக்குப் பொறந்ததே இல்ல.

இப்ப மறுபக்கம். டீசல் இஞ்சின்ல மண்ணெண்ணெய் ஊத்துனா என்ன ஆகும்? ஓடும். இதுதான் பிரச்சனையே. ஓடாதுன்னா யாரும் ஊத்த மாட்டாங்க, ஓடுதே.

என் சித்தப்பா டிராக்டருக்கு இது நடந்துச்சு. யாரோ ஒருத்தர் கேன்ல டீசல் கொண்டாந்து கம்மி விலைக்கு குடுக்குறாருன்னு அவரும் வாங்கி ரெண்டு மாசம் ஓட்டியிருக்காரு. காலைல ஸ்டார்ட் ஆகுது, உழவு ஓடுது, நடுவுல டீ குடிக்க ஆஃப் பண்ணிட்டுத் திரும்ப வந்து சாவி போட்டா சுத்துது சுத்துது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஒரு மணி நேரம் ஆறவிட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகுது. பேட்டரின்னு நெனச்சு பேட்டரி மாத்துனாரு, ஸ்டார்ட்டர் மோட்டார்னு நெனச்சு அதையும் பிரிச்சாச்சு. கடைசியில அப்பாகிட்ட வந்தாரு. அப்பா கேட்ட மொத கேள்வி, "சூடா இருந்தா மட்டும் தகராறு பண்ணுதா?" ஆமான்னதும் பம்ப்ப கழட்டிட்டாரு.

பம்ப்புக்குள்ள எலிமெண்ட்னு ஒண்ணு இருக்கும், வெரல் தண்டி உருளை ஒண்ணு, அது மேலயும் கீழயும் போயிட்டு வர்ற கூடு ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி ரெண்டு மூணு மைக்ரான்தான், நம்ம தலைமுடியோட தடிமன் அறுபது எழுபது மைக்ரான் இருக்கும், அப்பப் பாத்துக்கங்க. அந்த இடைவெளிக்கு ஆயில் ஊத்துறதுக்கு வேற வழியே கிடையாது, உள்ள போற டீசலேதான் அதுக்கு ஆயில். புது எலிமெண்ட, பம்ப் சோதிக்கிறதுக்குன்னு இருக்குற கலிபிரேஷன் ஆயில்ல நனைச்சு நேரா புடிச்சா உருளை தன் எடையிலயே மெதுவா, தேன் வழியிற மாதிரி எறங்கும். சித்தப்பா டிராக்டர்ல இருந்து எடுத்தது டக்குனு விழுந்துச்சு. வெளிச்சத்துல திருப்பிக் காட்டுனாரு, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய எடத்துல நெடுக்க நெடுக்க கோடு, சாம்பல் பூத்த மாதிரி மங்கல். மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு இல்ல, உலோகமும் உலோகமும் தேச்சுக்கிட்டிருக்கு. தேஞ்ச எடத்துல, இஞ்சின் சூடானா எண்ணெய் இன்னும் தண்ணியாகி கசிஞ்சு போயிரும், ஸ்டார்ட் பண்ற அந்த மெதுவான சுத்துல நாசில் தொறக்குற அளவுக்கு பிரஷர் ஏறாது. ஆறுனா கொஞ்சம் கெட்டிப்படும், ஸ்டார்ட் ஆயிரும். அதான் அந்த சூட்டுத் தகராறு. அந்த ரெண்டு மாசத்துல சித்தப்பா மிச்சம் புடிச்சத விட பம்ப் செலவு பல மடங்கு ஆச்சு, உழவு சீசன் போனது தனி.

இது பழைய மாடல் பம்ப்போட கதை. இப்ப வர்ற காமன் ரெயில் வண்டியில, அதாவது எல்லா சிலிண்டருக்கும் பொதுவா ஒரே குழாயில டீசல அழுத்தி வச்சுப் பீச்சுற வண்டியில, 1600, 2000 பார் வரைக்கும் பிரஷர் ஏறுது (ஒரு பார்னா சுமாரா நம்மள சுத்தி இருக்குற காத்தோட அழுத்தம்), அதுல மண்ணெண்ணெய் கலந்தா பம்ப்புல தேஞ்ச உலோகப் பொடி எண்ணெய பீச்சுற இஞ்ஜெக்டர் வரைக்கும் போயி ஒரேயடியா செலவு வைக்கும். இன்னொண்ணும் இருக்கு. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6ங்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததுல இருந்து டீசல்ல கந்தகம் பத்து பிபிஎம்க்கு, அதாவது பத்து லட்சத்துல பத்து பங்குக்கு மேல இருக்கக் கூடாது. கந்தகத்த எடுக்குறப்ப டீசலோட இயற்கையான வழவழப்பும் சேந்தே போயிரும், அதனால வழவழப்புக்குன்னு தனியா மருந்து சேத்துத்தான் வருது. அதுல மண்ணெண்ணெய ஊத்துறது அந்த மருந்துல தண்ணி ஊத்துற மாதிரி. போதாததுக்கு மண்ணெண்ணெய்ல கந்தகம் நெறைய உண்டு, அது போயி சைலன்சர்ல இருக்குற புகை சுத்தம் பண்ற பாகங்கள கெடுக்கும்.

டீசல் இஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்த அமுக்கி சூடாக்கி அதுல எண்ணெய தெளிச்சா அது தானா பத்தணும், அதுவும் தாமதிக்காம பத்தணும். அந்தக் குணத்துக்கு சீட்டேன்னு ஒரு எண் உண்டு, நம்ம டீசலுக்கு கொறஞ்சது 51. மண்ணெண்ணெய்க்கு அதவிடக் கொறச்சல், நாப்பது நாப்பத்தஞ்சு கிட்ட நிக்கும். அதான் கலப்பட டீசல் ஊத்துன வண்டி 'டக் டக்'னு அடிக்கும், மேட்டுல இழுவை இருக்காது.

ஒருத்தர் என்னை மடக்குனாரு, அமெரிக்க ராணுவம் லாரிக்கே பிளேன் எண்ணெய்தானே ஊத்துறான், அது மண்ணெண்ணெய்தானேன்னு. சரிதான், அவங்க ஜேபி 8ன்னு ஒரே எண்ணெய பிளேனுக்கும் டீசல் வண்டிக்கும் ஊத்துறாங்க, ஆனா அதுல வழவழப்புக்கான மருந்த அளவா சேத்துத்தான் ஊத்துறாங்க. ரோட்டோரக் கேன்ல அத யாரு சேப்பா?

கலப்படம்னதும் எனக்கு ரெண்டு பேரு ஞாபகம் வந்துரும், அவங்கள சொல்லாம இந்த விஷயத்த எழுத எனக்கு மனசு வரல. மஞ்சுநாத் சண்முகம், இந்தியன் ஆயில்ல சேல்ஸ் ஆபீசர், 27 வயசு. உத்தரப் பிரதேசம் லக்கிம்பூர் கேரியில கலப்பட எண்ணெய் வித்த பங்க்குக்கு சீல் வச்சவரு, 2005 நவம்பர்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. யஷ்வந்த் சோனாவணே, மகாராஷ்டிராவுல மாலேகாவ் கூடுதல் கலெக்டர், மன்மாட் பக்கத்துல எண்ணெய்க் கலப்படம் நடக்குறத நேர்ல போயி புடிச்சாரு, 2011 ஜனவரி 25, அங்கயே எண்ணெய ஊத்தி உயிரோட கொளுத்திட்டாங்க. அப்பெல்லாம் ரேஷன் மண்ணெண்ணெய் மானிய விலைக்கு வரும், டீசல் விலை அதவிட பல மடங்கு, அந்த நடுவுல இருக்குற காசுக்குத்தான் இவ்வளவும். ரேஷன் மண்ணெண்ணெய்ல நீலச் சாயம் போட்டதே கலந்தா தெரியட்டும்னுதான். இப்ப அந்த மானியம் போயிருச்சு, ஒதுக்கீடும் வருஷா வருஷம் கொறஞ்சு கடைசியில பல கடையில நின்னே போச்சு. கலப்படத்துக்கு லாபம் கொறஞ்சது நல்லதுதான், ஆனா புயல் அடிச்ச ஊர்ல ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்க்கு வழியில்லாம டீசல ஊத்தி புள்ளைங்க இருமுனதையும் நான் பாத்தேன், ரெண்டையும் சேத்துத்தான் சொல்லணும்.

பங்க்ல சந்தேகம் வந்தா அடர்த்தி காட்டச் சொல்லுங்க, கேக்குறது உங்க உரிமை. கண்ணாடி ஜாடியும் ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் எல்லா பங்க்லயும் வச்சிருக்கணும், அன்னிக்கு எழுதி வச்சிருக்குற அளவோட ஒத்துப் பாக்கலாம். மண்ணெண்ணெய் டீசல விட எடை கம்மி, அதனால நெறைய கலந்திருந்தா அளவு எறங்கிக் காட்டும். கேன்ல வாங்குறத பாக்க அப்பா கைப்பழக்கம் ஒண்ணு வச்சிருந்தாரு, ரெண்டு வெரல்ல ஒரு சொட்டு தொட்டுத் தேப்பாரு. டீசல் வெரல்லயே வழவழன்னு நிக்கும். மண்ணெண்ணெய் சீக்கிரம் காஞ்சு வெரல் சொரசொரன்னு ஆயிரும். வெள்ளைப் பேப்பர்ல ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாத்தா டீசல் கறை அப்படியே இருக்கும், மண்ணெண்ணெய் முக்காவாசி பறந்து போயிருக்கும். பட்டறையில சாமான் கழுவ மண்ணெண்ணெய்தான், கிரீஸ அப்படிக் கரைக்கும், ஆனா கழுவுன எலிமெண்ட அப்படியே காய விட்டா திட்டுவாரு, ஒடனே ஆயில்ல முக்கி வைக்கணும், இல்லன்னா காலைல துரு.

சரி, பாரஃபின். இதுலதான் ஜனங்க ரொம்பக் குழம்புறாங்க, கொழப்பத்துக்குக் காரணம் பேருதான்.

தாத்தா வச்சிருந்த பித்தள பம்ப் ஸ்டவ் ஒண்ணு எங்க வீட்ல உண்டு. அதோட வந்த இங்கிலீஷ் பேப்பர் மடிச்சு மடிச்சு கிழிஞ்சு போயி பெட்டியில கெடந்துச்சு, அதுல பாரஃபின் மட்டும் ஊத்தவும்னு போட்டிருக்கும். பத்தாவது படிக்கிறப்ப நான் அத நம்பி மெடிக்கல்ல போயி பாரஃபின் கேட்டேன், லிக்விட் பாரஃபின்னு ஒரு பாட்டில் குடுத்தாங்க. தண்ணி மாதிரி நெறம், வாசனையே இல்ல, ஆனா கையில விட்டா வெளக்கெண்ணெய் கணக்கா பிசுபிசுப்பு. ஸ்டவ்ல ஊத்தி, ஸ்பிரிட் ஊத்தி சூடு பண்ணி, பம்ப் அடிச்சா பொத்துல இருந்து எண்ணெய் பீச்சி அடிக்குது, ஆவியா வரல. அம்மா ஓடி வந்து காத்த எறக்கி விட்டாங்க. அந்தப் பிசுபிசுப்ப டேங்க்ல இருந்து கழுவ ரெண்டு நாள் ஆச்சு.

அந்தப் பேப்பர் சொன்னது தப்பில்ல. இங்கிலாந்துல மண்ணெண்ணெய்க்குப் பேரே பாரஃபின்தான். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் யங் 1850ல நிலக்கரியில இருந்து எண்ணெய் எடுக்க காப்புரிமை வாங்கி பாரஃபின் ஆயில்னு வித்தாரு, அந்தப் பேரு அங்க ஒட்டிக்கிச்சு. அதே காலத்துல கனடாக்காரர் ஆபிரகாம் கெஸ்னர் தன்னோட விளக்கெண்ணெய்க்கு கெரசின்னு பேரு வச்சாரு, கிரேக்கத்துல கெரோஸ்னா மெழுகு. தென்னாப்பிரிக்காவுலயும் இன்னிக்கு வரைக்கும் மண்ணெண்ணெய்னா பாரஃபின்தான், டர்பன்ல இருக்குற நம்ம சொந்தக்காரங்க பாரஃபின் ஸ்டவ்னு சொன்னா அது நம்ம மண்ணெண்ணெய் அடுப்புதான். நம்ம ஊர்ல சீமெண்ணெய், மண்ணெண்ணெய், கிருஷ்ணாயில்னு மூணு பேரு இருந்தாலும் சாமான் ஒண்ணு. ஆனா பாரஃபின்னு பேரு ஒண்ணு, சாமான் மூணு. இங்கிலாந்துல மண்ணெண்ணெய், மெடிக்கல்ல மலச்சிக்கலுக்கும் தோலுக்கும் குடுக்குற சுத்தப்படுத்துன கனமான எண்ணெய், மளிகைக் கடையில மெழுகுவத்தி. மெழுகுவத்தி மெழுகும் பாரஃபின்தான்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த மெழுகு டீசலுக்குள்ளயும் இருக்கு. டீசல் தானா பத்துற குணத்துக்கு மூலக்கூறு நேர் சங்கிலி மாதிரி கோத்திருக்குற பாரஃபின்கள்தான் பெரிய ஒத்தாசை, ஆனா குளிர் வந்தா அதுல கனமானது மெழுகா பிரிஞ்சு நின்னுரும். நம்ம பக்கம் அந்தக் குளிர் கிடையாது. லடாக்ல குளிர்காலத்துல டேங்க்ல டீசல் நெய் மாதிரி உறைஞ்சு ஃபில்டர் அடைச்சுக்கும், 2019 நவம்பர்லதான் மைனஸ் 33 டிகிரி வரைக்கும் தாங்குற குளிர்கால டீசல் அங்க வந்துச்சு. விமானத்துல மண்ணெண்ணெய ஊத்துறதுக்கும் இது ஒரு காரணம், அதுல அந்த மெழுகு ரொம்பக் கம்மி, விமான எண்ணெய் மைனஸ் 47 டிகிரி வரைக்கும் உறையக் கூடாதுன்னு விதி. நம்ம தலைக்கு மேல பறக்குறது ரேஷன் கடை எண்ணெயோட நல்லா சுத்தம் பண்ணுன அண்ணன்தான்.

பெட்ரோல் இஞ்சினும் மண்ணெண்ணெய்ல ஓடும், ஆனா சூடாகணும். பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்துற சின்ன பம்ப் செட் எங்க ஊர் வாய்க்கால் ஓரம் நெறைய இருந்துச்சு, கன்னியாகுமரிப் பக்கம் வள்ளத்துல மாட்டுற மோட்டாரும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துல 1990ல எரிபொருளுக்குத் தடை வந்தப்ப ஜனங்க மோட்டார் சைக்கிளையும் பழைய காரையும் மண்ணெண்ணெய்ல ஓட்டுனாங்க, சில சொட்டு பெட்ரோல கார்புரேட்டருக்குள்ள விட்டு ஸ்டார்ட் பண்ணுவாங்களாம், புள்ளைங்க படிக்க ஜாம் போத்தல்ல பஞ்சு வச்சு கொஞ்சமே கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்தி விளக்கு. அங்க இருந்து வந்த தோழி ஒருத்தி எனக்கு இதச் சொன்னப்ப அவ கை தானா அந்த போத்தல் உயரத்த காட்டுச்சு. வழியில்லாதவங்க ஒரு எண்ணெய எதுவரைக்கும் வேலை வாங்க முடியும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

ரெண்டு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேக்குறேன். மண்ணெண்ணெய் அடுப்புலயோ விளக்குலயோ பெட்ரோல் ஊத்தாதீங்க, கொஞ்சம் கலந்துகூட வேணாம். மண்ணெண்ணெய் 35 டிகிரிக்கு மேல சூடானாத்தான் பத்துற அளவுக்கு ஆவி விடும், பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிலயே விடும், அடுப்படியில அது குண்டு. இன்னொண்ணு, மண்ணெண்ணெய தண்ணி பாட்டில்லயோ சோடா பாட்டில்லயோ வைக்காதீங்க. இப்ப ஆன்லைன்ல விக்கிற லேம்ப் ஆயில் பாக்க தண்ணி மாதிரியே இருக்கு, சிலதுல கலர் வேற சேத்து வருது, புள்ளைங்களுக்கு அது ஜூஸ். குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வயித்துல இருக்குறத விட அது மூச்சுக்குழாய்க்குள்ள போறதுதான் ஆபத்து, நுரையீரல் கெட்டுரும். அப்படியே தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, பாட்டிலையும் கையோட எடுத்துக்கங்க.

அத்தை லாந்தருக்கு என்ன பண்ணோம்னு சொல்லல. அந்தத் திரிய தூக்கிப் போட்டாச்சு, டீசல் ஊறுன திரி திரும்ப வேலைக்கு ஆகாது. டேங்க்ல அப்பா பட்டறையில இருந்து கொண்டாந்த அரை டம்ளர் மண்ணெண்ணெய ஊத்திக் குலுக்கி கவுத்து, மூணு தடவ அப்படியே பண்ணி, கண்ணாடிய சாம்பல் போட்டு தேச்சுக் கழுவுனோம். புதுத் திரி பெரிய கடைத்தெருவுல நாலு கடை ஏறி எறங்கி வாங்குனோம். அன்னிக்கு ராத்திரி அப்பா மிச்சமிருந்த மண்ணெண்ணெய ஊத்தி பத்த வச்சாரு. ஒரே தீக்குச்சி. திரிய எறக்கி வச்சதும் சுடர் வெத்தலை நுனி மாதிரி மஞ்சளா நின்னுச்சு, புகையில்ல. புள்ளைங்க அந்த வெளிச்சத்துல செவுத்துல கை வச்சு மான், நாய்னு நெழல் காட்டி வெளையாட ஆரம்பிச்சிருச்சு.